நம் பேரில் வாரண்ட் இருக்கிறதா, எங்கே பார்ப்பது?

"அண்ணே, என் பேர்ல வாரண்ட் இருக்கா இல்லையான்னு எங்கண்ணே பாக்குறது?"

தென்காசியிலிருந்து சித்தி மகன் போனில் கேட்டான். பாஸ்போர்ட் புதுப்பிக்க மனு போட்டிருந்தான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "திண்டிவனம் பக்கம் உங்க பேர்ல ஏதோ கேஸ் நிக்குதே தம்பி, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்ன வழக்கு, எந்தக் கோர்ட், வாரண்ட் வரைக்கும் போய்விட்டதா, எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. நண்பனுடைய வேனை ஓட்டிக்கொண்டு சென்னைக்குப் போன ஒரு நாளில் திண்டிவனம் அருகே பைக்கில் இடித்திருக்கிறான். ஸ்டேஷன் ஜாமீனில் வந்துவிட்டான். பிறகு துபாய் வேலை, இதற்கிடையே வாடகை வீடு மாறியது. சம்மன் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும்.

வக்கீல் அலுவலகத்தில் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதனால் சொந்தத்தில் யாருக்கு இந்தச் சந்தேகம் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். கேட்பவர்களில் பெரும்பாலோர் தப்பி ஓடுகிறவர்கள் இல்லை. விபத்து வழக்கு, செக் வழக்கு, வேலித் தகராறு என்று ஏதோ ஒன்றில் மாட்டி, வாய்தாவைத் தவறவிட்டவர்கள். பலருக்கு வழக்கு இருப்பதே தெரியாது. திடீரென்று ஒரு காலையில் போலீஸ் வந்து நிற்கும்போது அந்தக் குடும்பம் படும் பாட்டை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் பெயரைத் தட்டினால் வாரண்ட் பட்டியல் வந்து விழும் பொது இணையதளம் கிடையாது. அமெரிக்காவில் பல கவுண்டிகளில் ஷெரிஃப் அலுவலகமே அப்படி ஒரு தேடுபொறியை வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் தேடலாம். நம் ஊரில் வாரண்ட் என்பது வழக்குக் கட்டுக்குள் இருக்கும் ஒரு தாள். கட்டைப் பிடித்தால்தான் தாள் கிடைக்கும். ஆகவே, "என் பேரில் வாரண்ட் உண்டா?" என்று தேடுவதைவிட, "என் பேரில் வழக்கு உண்டா, அது எந்த நிலையில் நிற்கிறது?" என்று தேடுவதுதான் வழி. இதற்கு நீதிமன்றங்களே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. காசும் வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

அதன் பெயர் இ-கோர்ட்ஸ். செல்போனில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற செயலியாகவும் இருக்கிறது. நாடு முழுக்க உள்ள மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்குக் கீழுள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் வரை அதில் இருக்கின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. நம் மாநில வழக்குகளுக்கு அது டி.என். என்று தொடங்கும். அந்த எண் கையில் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. இல்லாவிட்டாலும் வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், வக்கீல் பெயர், கட்சிக்காரர் பெயர் என்று பல வழிகளில் தேடலாம்.

பெயர் போட்டுத் தேடுவதில்தான் நம் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அது கோர்ட் பதிவில் பெயருக்கு முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவர் என்ன எழுத்துப் போட்டாரோ அதுதான் பதிவு. சண்முகம் என்பவரை ஒருவர் எஸ்ஸுக்குப் பக்கத்தில் எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எச்சை விட்டுவிடுவார், திருநெல்வேலிப் பக்கம் ஏ வரவேண்டிய இடத்தில் யு வரும். முத்துவுக்கு ஒரு டி-யா இரண்டு டி-யா என்பதை யார் சொல்ல முடியும்? அதனால் முழுப்பெயரைப் போடாதீர்கள். முதல் மூன்று, நான்கு எழுத்து மட்டும் போட்டு, ஆண்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என்று இரண்டு பிரிவு இருக்கும். இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

எந்த மாவட்டத்தில் தேடுவது என்பது அடுத்த சிக்கல். வழக்கு நாம் குடியிருக்கும் ஊரில் இருக்காது, சம்பவம் நடந்த ஊரில் இருக்கும். தென்காசிக்காரனுடைய வழக்கு விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பது இப்படித்தான். செக் வழக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2015-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, செக்கை வாங்கியவர் தன் கணக்கில் போட்டால் அவருடைய வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில்தான் வழக்கு. கோயம்புத்தூர்க்காரர் கொடுத்த செக்குக்கு சிவகாசியில் வாய்தா நடக்கலாம். அவர் தன் ஊர்க் கோர்ட்டுகளையெல்லாம் சலித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தால் அது பொய்யான நிம்மதி. மாவட்டம் பிரிந்த ஊர்களில் பழைய வழக்கு பழைய மாவட்டத்துப் பெயரிலேயே கிடக்கக்கூடும், இரண்டிலும் தேடிவிடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்ட ஸ்டேஷனும் ஆண்டும் தெரிந்தால் வேலை சுலபம். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இணைய இணைப்பு சரியில்லாத இடங்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைப் பக்கத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு கொடுத்து எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். அந்த எண்ணைக் கொண்டுபோய் இ-கோர்ட்ஸில் போட்டால் வழக்கு வந்துவிடும். தம்பிக்கு வழக்கு கிடைத்தது இந்த வழியில்தான். பெயரைப் போட்டுத் தேடியபோது அகப்படவில்லை. பதிவில் அவன் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தது.

வழக்கு கிடைத்ததும் அடுத்த வாய்தா தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் வழக்கு வரலாறு என்று ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் அன்றைக்கு எதற்காக வாய்தா என்று எழுதியிருப்பார்கள். அங்கேதான் 'சம்மன்', 'பி.டபிள்யூ', 'என்.பி.டபிள்யூ' என்ற எழுத்துகள் தென்படும். பி.டபிள்யூ என்றால் ஜாமீனில் விடக்கூடிய பிடியாணை. போலீஸ் வந்தாலும் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, குறித்த நாளில் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி வெளியே நிற்கலாம். என்.பி.டபிள்யூ அப்படியில்லை, பிடித்துக் கொண்டுபோய் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். வாய்தா தேதியின் மேல் தட்டினால் அன்றைய குறிப்பு திறக்கும். 'எதிரி ஆஜராகவில்லை, என்.பி.டபிள்யூ பிறப்பிக்கப்படுகிறது' என்ற பொருளில் இரண்டு வரி ஆங்கிலத்தில் இருக்கும். நீங்கள் தேடி வந்தது அந்த இரண்டு வரிதான்.

எல்லாக் கோர்ட்டிலும் இந்தக் குறிப்புகள் உடனுக்குடன் ஏறிவிடுவதில்லை. அடுத்த வாய்தா என்று போட்டிருக்கும் தேதி கடந்துபோயும் மாறாமல் நின்றால், திரையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. கோர்ட்டுக்கு ஆள் போய்ப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் ஆள் அகப்படாத வழக்குகளை எல்.பி.சி. என்று தனியாக ஒதுக்கி வைத்துவிடுவதும் உண்டு. ஒதுக்கிவிட்டதால் வழக்கு செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வாரண்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை அது உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொன்னதும் இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தின், அதாவது பி.என்.எஸ்.எஸ்.ஸின், 72-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்.

இணையம் கைவராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் அறியவில்லை. பல நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையம் வைத்திருக்கிறார்கள். வழக்கு நிலை, அடுத்த வாய்தா, நகல் மனு பற்றியெல்லாம் அங்கே கேட்கலாம். இலவச சட்ட உதவி மையமும் அதே வளாகத்தில் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். இதைப் பிச்சையாக நினைத்துக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கட்டில் இருக்கும் உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டுமானால் அந்தக் கோர்ட்டிலேயே நகல் மனு போட வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்டவர் நேரடியாகப் போடலாம். சம்பந்தமில்லாதவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லி, நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் பெற வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அதில் நாட்களை வீணாக்க வேண்டாம்.

"ஸ்டேஷன்ல போய்க் கேட்டா சொல்லிடுவாங்களேண்ணே" என்றான் தம்பி. சொல்வார்கள்தான். ஆனால் என்.பி.டபிள்யூ நிலுவையில் இருக்கும் ஆள் தானாக வந்து எதிரே நின்றால், பிடிக்க வேண்டியது அவர்கள் கடமை. வெள்ளிக்கிழமை மாலை போய்க் கேட்டுவிட்டு சனி, ஞாயிறு உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. வக்கீல் மூலமாகக் கோர்ட்டில் விசாரிப்பதுதான் சரி. தெரிந்த பெஞ்ச் கிளார்க்கிடம் வக்கீலோ குமாஸ்தாவோ வழக்கு எண்ணைக் கொடுத்தால் கட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

சட்டம் தானாகவே ஊருக்கு அறிவிக்கும் கட்டம் ஒன்றும் இருக்கிறது. வாரண்ட் போட்டும் ஆள் தலைமறைவாகிவிட்டார் என்று கோர்ட் நம்பினால், குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, இந்த இடத்தில் இந்த நேரத்தில் ஆஜராக வேண்டும் என்று பிரகடனம் செய்யும். அதை அவர் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரில் பலரும் கேட்கும்படி வாசிக்க வேண்டும், வீட்டிலோ ஊரில் கண்ணில் படும் இடத்திலோ ஒட்ட வேண்டும், கோர்ட்டிலும் ஒட்ட வேண்டும். நாளிதழில் போடச் சொல்லியும் உத்தரவிடலாம். காலைப் பேப்பரின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்புகள் இவைதான். அதற்கு அடுத்த படி சொத்து ஜப்தி. அந்த அளவுக்கு விட்டுவிடவே கூடாது.

கைதானவர்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. கைதானவரின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்ற விவரங்களை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் டிஜிட்டல் முறையிலும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 37-ஆம் பிரிவு. கைதான பிறகு ஊருக்கே தெரியலாம்; வாரண்ட் நிலுவையில் இருக்கும்போது, சம்பந்தப்பட்ட ஆளுக்கே தெரிந்துகொள்ள நேர்வழி இல்லை. எனக்கு மனசு ஆறாத இடம் இது. அமெரிக்க கவுண்டிகளைப் போல எல்லோர் பெயரையும் எல்லோரும் தேடும்படி திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே தாலுகாவில் எத்தனை முருகன், எத்தனை செல்வி! தகப்பன் பெயர் வரைக்கும் ஒத்துப்போகிற ஆட்கள் ஒரே தெருவில் இருக்கும் ஊர் இது. பெண் பார்க்கும் வீட்டார் ஒரு பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சம்பந்தத்தை முறித்தால், அந்தப் பையன் வேறு ஆள் என்று யாரிடம் போய் நிரூபிப்பான்? இப்போதே இ-கோர்ட்ஸில் பெயரைப் பார்த்து இப்படி முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று சொல்கிறேன்: தகப்பனார் பெயர், முகவரி, வயது மூன்றும் ஒத்துப்போகாமல் யாரையும் எந்த வழக்கோடும் முடிச்சுப் போடாதீர்கள். வழக்கு இருப்பதே குற்றத்துக்குச் சாட்சியும் இல்லை. வாடகைக்கு வருபவரையோ வேலைக்கு வருபவரையோ பற்றித் தெரிய வேண்டுமானால், காவல்துறையின் சரிபார்ப்புச் சேவை ஒன்று இணையத்திலேயே இருக்கிறது. அதில் மனு போடுங்கள்.

எனக்கு வேண்டியது சிறிய விஷயம். ஒருவர் தன் ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ காட்டி, "எனக்கு எதிராக மாநிலத்தில் எங்காவது வாரண்ட் நிலுவையில் இருக்கிறதா?" என்று எந்த ஊர் இ-சேவை மையத்திலும் கேட்டு, பதில் வாங்கிக்கொள்ளும் வசதி. இது முடியாத காரியம் இல்லை. பதிவேடு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மும்பை வழக்கறிஞர் ஒருவர் பேரில் இருந்த வாரண்ட் கோர்ட்டில் ரத்தாகிவிட்டது. ரத்தான பிறகும், 2002 சுதந்திர தினத்தன்று அதே வாரண்டை வைத்து அவரைக் கைது செய்தார்கள். அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. வாரண்ட் படிவங்களுக்கு இயந்திரத்தில் அச்சிட்ட வரிசை எண் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் கோர்ட் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஸ்டேஷனிலும் அதே மாதிரிப் பதிவேடு வேண்டும், ரத்தானால் அந்தத் தகவல் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். பதிவேடு இருக்கிறது, கணினி இருக்கிறது. சம்பந்தப்பட்டவனுக்கு ஒரு ஜன்னல் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஜன்னல் இல்லாததால்தான் மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். வாட்ஸ்அப்பில் முத்திரை குத்திய வாரண்ட் வரும், வீடியோ காலில் காக்கிச்சட்டை வரும், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி வயதானவர்களின் ஓய்வூதியச் சேமிப்பையெல்லாம் துடைத்துக்கொண்டு போகிறார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் ஒன்று கிடையாது. உண்மையான வாரண்ட் எழுத்தில் இருக்கும், நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட்டின் முத்திரையும் இருக்கும், அமலாக்கும் அதிகாரி நேரில் வருவார். எதற்காக என்று அவர் சொல்ல வேண்டும். கேட்டால் தாளைக் காட்ட வேண்டும். பணம் கட்டினால் ரத்தாகிவிடும் என்று போனில் யாராவது சொன்னால் அந்த நொடியே வைத்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள். அவர்கள் சொல்லும் வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும்.

சரி, தேடிப் பார்த்து, என்.பி.டபிள்யூ இருப்பது தெரிந்துவிட்டது. அடுத்து? ஓடாதீர்கள். பிறப்பித்த கோர்ட்டிலேயே வாரண்டை ரத்து செய்யச் சொல்லும் ரீகால் மனு போட வேண்டும். வக்கீலோடு காலையிலேயே போய், கோர்ட் உட்காருவதற்குள் மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது. ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்பார். வெளிநாட்டில் இருந்தீர்களா, பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா, டிஸ்சார்ஜ் சம்மரி கொண்டுபோங்கள். வீடு மாறியிருந்தால் வாடகை ஒப்பந்தம். தானாக வந்து நின்றவனையும், பிடித்துக்கொண்டு வரப்பட்டவனையும் கோர்ட் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அபராதம் போட்டு ரத்து செய்யலாம், புதிதாக ஜாமீன்தாரர் கேட்கலாம், மோசமான வழக்கில் ரிமாண்டும் செய்யலாம்; எதற்கும் தயாராகப் போக வேண்டும். சம்மனோ பிணையோடு கூடிய வாரண்டோ போதாது என்று தோன்றினால்தான் என்.பி.டபிள்யூ போட வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்மனே கைக்கு வரவில்லை என்பது உங்கள் பக்கம் பேசும் வலுவான காரணம். வக்கீல் அதை மனுவில் எழுதியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தம்பியின் வழக்கில் இருந்த வாரண்டும் இப்படித்தான் ரத்தானது. பாஸ்போர்ட் விஷயம் தனி வழி. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலுவை வழக்கும் வாரண்டும் பாஸ்போர்ட்டை மறுப்பதற்கான காரணங்களாகவே இருக்கின்றன, அதனால் வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே அதற்கும் மனு போட்டிருக்கிறான்.

ரத்தான அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள் என்பதை அவனிடம் சொன்ன மாதிரியே உங்களிடமும் சொல்கிறேன். ரீகால் உத்தரவின் நகலுக்கு அன்றே மனு போடுங்கள். கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விட்டதா என்று வக்கீலை விட்டுக் கேளுங்கள். இரண்டொரு நாள் கழித்து இ-கோர்ட்ஸைத் திறந்து, அந்த வாய்தாவின் குறிப்பில் ரீகால் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நகல் கைக்கு வந்ததும் ஒரு பிரதி பையில், ஒன்று வீட்டில், ஒரு படம் செல்போனில்.